பூலியன்: ஒரு பெயர், பல அளவு

உடுப்பிட்டியில் உயர்தரத்துக்குத் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கிற பிள்ளைக்குப் படலை இரண்டு. ஒன்று வளவு வாசலில் நிற்பது; மற்றது பாடநூலில் 'தர்க்கப் படலை' என்று வருவது. தமிழ்நாட்டில் 'தருக்க வாயில்' என்று படிப்பதை இங்கே பாடநூல் எழுதியவர்கள் வீட்டு வாசலில் கிடந்த சொல்லாலேயே சொல்லிவிட்டார்கள். ஓலையாலோ கம்பாலோ பின்னிய மறைப்புக்குப் 'படல்' என்று பெயர். படலை அதன் இனம். அதற்குக் கூரையும் போட்டு, தெருவால் போகிறவர் இருந்து களைப்பாற வசதியும் செய்துவிட்டால் சங்கடப்படலை. பாடநூலுக்குப் படலை நல்ல தெரிவுதான். இரண்டு படலை ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் இரண்டும் திறந்தால்தான் முற்றத்துக்குப் போகலாம்; பக்கத்துக்குப் பக்கம் இருந்தால் ஏதோ ஒன்று திறந்தாலே போதும்.

அதே பாடத்தில் வரும் 'பூலியன் அட்சரகணிதம்' என்பதில் முற்பாதி தமிழாகவில்லை. ஆள் பெயர், ஆகவும் வேண்டியதில்லை. பிற்பாதிக்கு ஒரு பழைய போட்டியாளர் உண்டு: வட்டுக்கோட்டைச் செமினரி வழிவந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இல் அச்சிட்ட நூலின் பெயர் 'வீசகணிதம்'. ஆனால் வீசம் போய், அட்சரம் நிலைத்துவிட்டது.

ஆள், இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துச் சப்பாத்துத் தொழிலாளியின் மகன் ஜோர்ஜ் பூல் (1815–1864). பெரும்பாலும் தானாகவே படித்து, 1849இல் அயர்லாந்தின் கோர்க் நகரில் பேராசிரியரானவர். மெய், பொய் என்பவற்றை ஒன்று, பூச்சியம் என்று வைத்துக் கணக்குப் போடலாம் என்பதை 1847, 1854 ஆகிய ஆண்டுகளில் வந்த இரு நூல்களில் காட்டினார். இதே கணக்கில் 'டி மோர்கன் விதிகள்' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்வது ஒகஸ்டஸ் டி மோர்கனின் பெயரால் வந்தது. அவர் 1806இல் மதுரையில் பிறந்தவர். கைக்குழந்தையாகவே கப்பலேறிவிட்டார், ஆகவே மதுரை அதிகம் உரிமை கொண்டாட வேண்டாம்.

பெயர் பெயரடையானது மெல்ல. அமெரிக்கத் தர்க்கவியலாளர் பியர்ஸ் 1880இல் எழுதியபோது அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஐ' எழுத்து இருந்தது. 1913இல் இன்னொரு தர்க்கவியலாளர் ஷெஃபர் எழுதியபோது அந்த இடத்தில் 'ஈ' எழுத்து இருந்தது; அதுவே நிலைத்தது. தமிழில் இரண்டும் 'பூலியன்'தான். 1937இல் கிளோட் ஷனன் தன் முதுகலை ஆய்வேட்டில் இந்தக் கணக்கை மின்சுற்றுக்குக் கொண்டுவந்தார். அவர் சுற்று மூடியிருப்பதைப் பூச்சியம் என்றும் திறந்திருப்பதை ஒன்று என்றும் வைத்தார், இன்றைய வழக்குக்கு நேர் எதிராக. எது மெய், எது பொய் என்பது ஒப்பந்தம் என்ற தொல்லை அங்கேயே தொடங்கிவிட்டது.

1960இன் அல்கோல் மொழி அறிக்கையில் பூலியன் ஒரு தரவு வகையின் பெயர். நிறைவெண், மெய்யெண், பூலியன் என்று மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. போர்ட்ரான் தன் வகைக்கு 'லொஜிக்கல்' என்று பெயர் வைத்தது. பஸ்கால் பூலியனையே எடுத்துக்கொண்டது. சி மொழி மட்டும் எடுக்கவில்லை. அதன் முன்னோடிகளான பிசிபிஎல், பி ஆகிய இரண்டுக்கும் வகை என்பதே கிடையாது. எல்லாம் இயந்திரச் சொல் ஒன்றுதான். 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி சியை உருவாக்கியபோது பூச்சியம் பொய், பூச்சியமல்லாத எதுவும் மெய் என்ற வழக்கை வைத்துக்கொண்டு, அதற்குத் தனி வகை தராமல் விட்டார். 1989இன் அன்சி நியமமும் தரவில்லை. சிறிய இயந்திரத்துக்குச் சிக்கனமான முடிவு. குறைசொல்ல எனக்கு மனமில்லை.

மொழி தராததை நிரல் எழுதியவர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். பெயருக்குப் பஞ்சமில்லை. எக்ஸ் விண்டோ நூலகம் முதலெழுத்தைப் பெரிதாக்கி, ஆங்கிலப் பெயரின் நாலெழுத்துக் குறுக்கத்தை நிறைவெண்ணுக்கு இட்டது. அதன்மேல் கட்டிய எக்ஸ்ரி கருவித்தொகுதி நீண்ட பெயரை ஒரு பைட் அளவுக்கு இட்டது. வின்டோஸ் எல்லா எழுத்தையும் பெரிதாக்கி நிறைவெண்ணாக வைத்தது. ஜிலிப் முன்னால் ஒரு 'ஜி' சேர்த்தது. (அந்த நாலெழுத்துக் குறுக்கத்தை அப்படியே தமிழ் உச்சரிப்பில் எழுதினால் கடைசி வாங்கில் சிரிப்பு அடங்காது; ஆகவே இங்கே எல்லாவற்றையும் பூலியன் என்றே நீட்டுகிறேன்.)

பெயர்கள் வேறுபட்டவரை பாதகமில்லை. ஒரே பெயர் இரண்டு அளவுக்கு வந்தபோதுதான் வினை. படங்களைச் சுருக்கும் லிப்ஜேபெக் நூலகத்தில் சிறிய எழுத்துப் 'பூலியன்' நான்கு பைட் நிறைவெண்; வின்டோஸின் ஒரு தலைப்புக் கோப்பில் அதே பெயர் ஒரு பைட். நூலகத்தை ஓர் அளவிலும் அதை அழைக்கும் நிரலை மற்ற அளவிலும் கொம்பைல் செய்தால் இரண்டும் தனித்தனியே பிழையின்றித் தேறும். ஓடும்போது அமைப்பின் அளவும் உறுப்புகளின் இடமும் ஒத்துப்போகா.

இதைவிட நுட்பமானது இன்னொன்று. ஒரு பைட்டுக்குப் பூலியன் என்று பெயரிட்டு, அதில் ஓர் எழுத்து அகர வரிசையைச் சேர்ந்ததா என்று சோதிக்கும் நியமச் செயற்கூற்றின் விடையை வைத்துப் பாருங்கள். அந்த விடை ஒன்றாக இருக்கவேண்டும் என்று நியமம் சொல்வதில்லை. பூச்சியமல்லாததாக இருந்தால் சரி. வழமையான லினக்ஸ் கணினியில் அது 1024. பைட்டுக்குள் கடைசி எட்டு பிட்டே அடங்கும். 1024இன் கடைசி எட்டும் பூச்சியம். மெய் என்று புறப்பட்ட விடை பொய்யாக வந்து சேர்கிறது. நிறைவெண்ணாக வைத்திருந்தாலும், அதை 'மெய்'யோடு, அதாவது ஒன்றோடு, சமமா என்று ஒப்பிட்டால் விடை பொய்தான். பழைய ஆட்கள் மதிப்பின் முன் இரண்டு மறுப்புக்குறி போட்டு எழுதுவது அதனால்தான்: முதல் மறுப்பு 1024ஐப் பூச்சியமாக்கும், இரண்டாவது அதைச் சரியாக ஒன்றாக்கும்.

1999இன் சி நியமம் ஒருவாறு இறங்கி வந்தது. ஆனால் நாலெழுத்துக் குறுக்கத்தின் சிறிய எழுத்துப் பெயரை ஆயிரக்கணக்கான நிரல்கள் ஏற்கெனவே தமக்கென வைத்திருந்தன. அதைச் சிறப்புச் சொல்லாக்கினால் அத்தனையும் உடையும். ஆகவே உண்மைப் பெயரை முன்னால் ஒரு கீழ்க்கோடும் அடுத்துப் பெரிய எழுத்துமாக வைத்தார்கள். அந்த வடிவப் பெயர்களை மொழிக்கென்று முன்பே ஒதுக்கியிருந்தார்கள். வேண்டியவர் ஒரு தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் சிறிய எழுத்துப் பெயரும் மெய், பொய் என்ற இரு சொற்களும் கிடைக்கும். இந்த வகை வெறும் சிறிய நிறைவெண் அன்று. 1024 வைத்தாலும் 0.5 வைத்தாலும் உள்ளே ஒன்றுதான் போய் இருக்கும். நிறைவெண்ணில் 0.5 வைத்தால் பூச்சியமாகிவிடும் என்பதை ஒப்பிடுக.

நியமம் வந்ததும் கொம்பைலர் வந்துவிடுவதில்லை. மைக்ரோசொஃப்ட் அந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்த்தது 2013ஆம் ஆண்டுப் பதிப்பில். இந்தியாவின் பள்ளி, கல்லூரி ஆய்வுகூடங்களில் 1990களின் தொடக்கத்து டேர்போ சி++ நெடுங்காலம் ஓடியது. அதற்கு இந்தப் பெயரே தெரியாது. எங்கும் ஓடவேண்டிய நிரல் ஆகவே முதலில் கேட்டுப் பார்க்கும்: நியமப் பதிப்பைச் சொல்லும் மாறிலி 199901 அல்லது அதற்கு மேலா? ஆமென்றால் தலைப்புக் கோப்பைச் சேர். பூலியன் தெரிந்த சி++ என்றால் சும்மா இரு. இரண்டும் இல்லையென்றால் நீயே ஒரு வகைக்குப் பெயர் இடு. மூன்றாம் வழியில் போகிறவர் 1024 கதையை மறக்கக்கூடாது. பெயர் ஒன்றானாலும் தானாக ஒன்றாக்கும் குணம் அங்கே இல்லை. பிற நூலகங்களோடு மோதாமல் இருக்கத் தன் நிரலின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பதையே நான் விரும்புவேன். பார்க்க அழகில்லை, இரவில் நித்திரை வரும்.

உயர்தரப் பிள்ளைக்குப் பைதன் படிப்பிக்கிறார்கள். அங்கும் பூலியன் பிறவியிலேயே இருந்ததில்லை. 2003இன் 2.3 பதிப்பில்தான் தனி வகையானது, அதுவும் நிறைவெண்ணின் பிள்ளையாக. மெய்யும் மெய்யும் கூட்டினால் இன்றும் அங்கே இரண்டு.

2024இல் வெளியான சி23 நியமம் அந்தச் சிறிய எழுத்துப் பெயரையும் மெய், பொய் இரண்டையும் சிறப்புச் சொற்களாக்கிவிட்டது. 2025இல் வந்த ஜிசிசி 15 அந்த நியமத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழைய கொம்பைலருக்காக ஒருவர் 1990களில் எழுதிவைத்த, நிறைவெண்ணுக்கு அந்தப் பெயரை இடும் வரி, புதிய கொம்பைலரில் இப்போது பிழை. அவசரத்துக்குச் சி17 நியமத்தின்படி கொம்பைல் செய்யச் சொல்லலாம். சரியான வேலை, அந்த வரியை மேலே சொன்ன கேள்விக்குள் அடைப்பது. 202311 என்று பதில் சொல்லும் கொம்பைலருக்குத் தலைப்புக் கோப்பும் வேண்டாம்.