பூட்டிய படங்களும் பொய்ச் சாவிகளும்

சென்ற பள்ளி விடுமுறையில், முன்பு என்னிடம் பயின்று இப்போது படிவம் 1-இல் இருக்கும் மாணவி ஒருத்தியின் தாயார் புலனத்தில் ஓர் இணைப்பை அனுப்பினார். “டீச்சர், மகள் பூட்டி வைத்திருக்கும் இன்ஸ்டாகிராம் படங்களை இதில் பார்க்கலாமாம். நம்பலாமா?” என்று கேட்டிருந்தார். கேட்பதற்கு முன்பே தம் கடவுச்சொல்லை அதில் கொடுத்துவிட்டார். மாலைக்குள் அவருடைய கணக்கு பறிபோயிற்று. அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

பூட்டு உண்மையிலேயே திறந்துகொண்ட காலமும் உண்டு. மைஸ்பேஸ் தளம் 2006 முதல் 14, 15 வயதினரின் பக்கங்களைத் தானாகவே பூட்டி வைத்தது. எனினும் அதன் நிரலில் ஓர் ஓட்டை இருந்தது. அதன்வழி அப்படங்களைக் காட்டும் தளங்கள் விளம்பரக் காசில் நடந்தன. 2008 ஜனவரியில் செய்தி வெளியான பின்னரே நிறுவனம் ஓட்டையை அடைத்தது. ஆனால் ஒருவர் அதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டியிருந்தார். அவற்றை 17 ஜிகாபைட் கோப்பாக எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். அன்று 14 வயதில் இருந்த பிள்ளைகள் இன்று முப்பதைக் கடந்துவிட்டனர். அந்தக் கோப்பை இனி யாராலும் திரும்பப் பெற முடியாது.

2011 டிசம்பரில் முகநூலிலும் இப்படியொரு ஓட்டை தெரிந்தது. அதன் நிறுவனர் மார்க் சக்கர்பர்க்கின் சொந்தப் படங்களே வெளிவந்தன. அது விரைவில் அடைபட்டது.

பிறகு வந்த கருவிகளின் கதை வேறு. ஸ்னாப்சாட்டில் மறைந்துவிடும் படங்களை, அனுப்பியவர் அறியாமல் சேமித்துத் தர ஸ்னாப்சேவ்டு என்றொரு தளம் இருந்தது. 2014 அக்டோபரில், அதில் சேர்ந்திருந்த படங்களே திருடப்பட்டு வெளியாயின. “உங்கள் பக்கத்தைப் பார்த்தவர் யார்” என்று காட்டுவதாகச் சொன்ன இன்ஸ்டாஏஜென்ட் செயலியோ, பயனர்களின் கடவுச்சொற்களை வேறொரு கணினிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 2015 நவம்பரில் ஆப்பிளும் கூகுளும் அதை நீக்கின.

இன்றைய தளங்கள் பெரும்பாலும் ஒரே நாடகத்தை ஆடுகின்றன. பெயரைக் கேட்கும், ‘தேடுகிறது’ என ஒரு பட்டை ஓடும், மங்கலான படம் தோன்றும். அது எவருடைய படமோ! ‘நீங்கள் மனிதர்தாமா’ என்று கருத்துக்கணிப்பை நிரப்பச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் நடத்துபவருக்குத் தரகு உண்டு. சில கடவுச்சொல்லையே கேட்கும். பூட்டிய படங்கள் நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன. கணக்குக்கு உரியவர் ஏற்றுக்கொண்டவர்களுக்கே அவை அனுப்பப்படும்; வெளியில் நிற்கும் கருவிக்கு அங்கு வழியில்லை.

அந்தத் தாயாரின் பெயரில் அதே இணைப்பு உறவினர் பலருக்கும் போயிற்று. படங்களைக் காட்டச் சொல்லி மகளிடம் நேரில் கேட்டீர்களா என்று வினவினேன். இன்னும் கேட்கவில்லையாம்.