குண்டு விழுந்த தூரம்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராசகிரியின் உயரத்தைப் பேசுவர். கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மற்ற இரு குன்றுகளையும் சேர்த்து வளைத்து நிற்கும் மதிலின் வலிமையைப் பேசுவர். கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் கண்டு வியப்பர். தேசிங்குராசன் கதையைச் சொல்லிக் கண்கலங்குவர். நாயக்கர் ஆண்டனர், பிசப்பூரார் பிடித்தனர், சிவாஜி வென்றார், மொகலாயர் முற்றுகையிட்டனர், பிரெஞ்சுக்காரர் புகுந்தனர், ஆங்கிலேயர் அமர்ந்தனர் என்று வரிசை தவறாமல் ஒப்புவிப்பர். கோட்டையில் கொடிகள் மாறிய வரலாறு நமக்கு மனப்பாடம்.

கொடி மாறியபோதெல்லாம் குடிகள் என்ன ஆனார்கள்? உழுதவன், நெய்தவன், மதிலுக்குக் கல் சுமந்தவன் ஆகியோரை எவரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா? இந்தக் கேள்விக்கு விடை காண, செஞ்சிக்கு விலைபேச வந்த ஒரு மனிதரின் வாழ்க்கை உதவும். அவர் பிறந்தது அமெரிக்க மண்ணில். பெயர் எலிகு யேல். புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

1649ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பாஸ்டன் நகரில் அவர் பிறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அக்குடியேற்றத்தின் கவர்னர் ஜான் வின்த்ராப் மறைந்திருந்தார். ஆண்டுதோறும் நடந்த தேர்தலில் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த வின்த்ராப். தேர்தல் என்ற சொல்லைக் கேட்டதும் மயங்கிவிடலாகாது. திருச்சபை உறுப்பினரான ஆண்களுக்கு மட்டுமே அங்கே வாக்கு. பெண்களுக்கு இல்லை, மண்ணின் பழங்குடிகளுக்கு இல்லை, 1641ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்த அடிமை முறையில் சிக்கியோர்க்கும் இல்லை. எனினும், ஆண்டுக்கொருமுறை கவர்னர் எவரிடமேனும் சென்று நின்று, தன்மீது நம்பிக்கை உண்டா என்று கேட்டாக வேண்டியிருந்தது. குறுகிய வாசல்தான், ஆனால் வாசல் இருந்தது.

யேல் அந்த வாசலைக் கண்டவரல்லர். மூன்று வயதளவில் பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர், பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பவேயில்லை. 1672இல், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்திறங்கினார். ஆண்டுக்குப் பத்துப் பவுன் சம்பளம். 1680இல், கம்பெனியின் உயர் அலுவலராயிருந்து மறைந்த ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண், செல்வமிக்க காதரைனை மணந்தார். விதவை மணத்தை அன்றைய வெள்ளையர் சமுதாயம் வெறுக்கவில்லை. அதே நாளில் நம் நாட்டு உயர்சாதி வீடுகளில் கைம்பெண்ணின் கதி என்ன என்பதை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். 1687ஆம் ஆண்டு சூலையில் யேல் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னரானார். எழுத்தர் நாற்காலியிலிருந்து கவர்னர் நாற்காலிக்குப் பதினைந்து ஆண்டுகள்!

பத்துப் பவுன் சம்பளக்காரர் பெருஞ்செல்வர் ஆனது எப்படி? கம்பெனி தன் ஊழியர்க்குக் குறைந்த சம்பளம் கொடுத்தது. கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கிடையே சொந்த வாணிபம் செய்து கொள்ளவும் விட்டது. துணி, வைரம் இரண்டிலும் பணம் புரண்டது. ஒரே மனிதர் காலையில் கம்பெனியின் கவர்னர். மாலையில் தன் சொந்தக் கடையின் முதலாளி. இரண்டு பெட்டிகளும் ஒரே அறையில் இருந்தால், எந்தப் பெட்டியின் பணம் எந்தப் பெட்டிக்குப் போயிற்று என்று எவர் கண்டார்?

இனிச் செஞ்சிக்கு வருவோம். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபின், கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரை மராத்தியர் ஆணைக்கு உட்பட்டது. அக்கரையில் வாணிபம் செய்ய ஆங்கிலேயருக்கு இசைவு வேண்டியிருந்தது. அதைப் பெற 1681இல் செஞ்சிக்கு அனுப்பப்பட்டவர் யேல்தான். அன்று கவர்னர் அல்லர், கம்பெனியின் தூதர். இசைவு கேட்டு வந்தவர், இன்னும் ஒன்பது ஆண்டுகளில் கோட்டை கேட்கும் நிலைக்கு உயர்ந்தார்.

1689இல் அவுரங்கசீப் மராத்திய மன்னர் சாம்பாஜியைக் கொன்றார். அவருடைய தம்பி இராசாராம் தப்பி, நெடும்பயணம் செய்து, செஞ்சியில் அடைக்கலம் புகுந்தார். மராத்தியருக்கு அப்போது தலைநகரே செஞ்சிதான். பின்னாலேயே மொகலாயத் தளபதி சுல்பிகார்கான் பெரும் படையுடன் வந்தார். முற்றுகையைத் தாங்கப் பணம் வேண்டும். விற்க என்ன இருந்தது? கடலோரத்தில், தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை இருந்தது. வாங்க யார் இருந்தார்? சென்னையில் கவர்னர் யேல் இருந்தார்.

1690இல் பேரம் முடிந்தது. கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் விற்கப்பட்டது. நிலத்தின் எல்லையை எப்படி வரையறுத்தார்கள் தெரியுமா? ஆற்றைக் கொண்டன்று, ஏரியைக் கொண்டன்று, ஊர்க்கணக்கைக் கொண்டும் அன்று. கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும்; குண்டு போய் விழும் தூரம் வரையில் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்! சென்னையிலிருந்து சிறந்த பீரங்கி தேர்ந்து அனுப்பப்பட்டது. குண்டு எட்டும் தூரம் சுடுபவனின் திறமையைப் பொறுத்தது என்பதையும் யேலின் ஆட்சிக்குழு அறிந்தேயிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திசைதோறும் குண்டுகள் பறந்தன. கடலூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் எல்லைக்குள் அகப்பட்டன. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சான்று.

எண்ணிப் பாருங்கள்! காலையில் ஏர் பூட்டிச் சென்றவன் மராத்திய மன்னனின் குடி. வானத்தில் ஓர் ஓசை. மாலையில் மாட்டை அவிழ்க்கும்போது அவன் கம்பெனியின் குடி. அவனுடைய வயல் விற்கப்பட்டது. விலை அவனுக்கு வரவில்லை. அவனுடைய ஊர் கைமாறியது. சேதி அவனுக்குச் சொல்லப்படவில்லை. விற்றவர் இந்து மன்னர், வாங்கியவர் கிறித்துவக் கவர்னர், முற்றுகையிட்டவர் முஸ்லிம் தளபதி. மதம் மூன்று, குடிகளை மதித்த முறை ஒன்றே. மதத்தைக் காட்டி மன்னர்களைப் பிரித்துப் போற்றுவோரும் தூற்றுவோரும் இந்தப் பேரத்தைச் சற்றே படித்தல் நலம்.

நிலத்தை மட்டுமா விற்றார்கள்? ஆளையும் விற்றார்கள். யேல் கவர்னரான காலத்தில் பஞ்சம் வாட்டியது. பசிக்கொடுமையால் மக்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளைச் செயிண்ட் ஹெலினா தீவுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று யேல் தலைமை தாங்கிய ஆட்சிக்குழு ஆணையிட்டது. 1687இல் ஒரே மாதத்தில் சென்னையிலிருந்து ஏற்றுமதியான அடிமைகள் 665 பேர். மறு ஆண்டே அதே ஆட்சிக்குழு அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது. இரக்கம் பிறந்துவிட்டதோ என்று மகிழவேண்டாம். கோல்கொண்டாவை வென்று அண்டை நாட்டுக்கு அதிபதியாகிவிட்ட மொகலாயர் அதை விரும்பவில்லை. பிள்ளைகளைத் திருடி விற்கும் கொடுமையும் பெருகிவிட்டது. ஆகவே தடை.

வெள்ளையன் கொடியவன் என்று சொல்லி இத்துடன் கணக்கை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் வாங்க ஆள் வந்தபோது, மனிதனை விற்கலாம் என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதாக இல்லையே! சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கோயிலுக்கு ஆட்கள் விற்கப்பட்ட செய்தி உண்டு. நிலத்தோடு சேர்த்துப் பண்ணையாளையும் கைமாற்றிய நாடு இது. ஒருவன் பிறப்பிலேயே தாழ்ந்தவன் என்று சாத்திரம் சொல்லி வைத்திருந்தது. அந்தத் தாழ்ந்தவனைக் கப்பலேற்றும் வேலையைத்தான் வணிகன் செய்தான். முன்னதை மறைத்துப் பின்னதை மட்டும் பேசுவது வரலாறாகாது.

யேல் காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1687 டிசம்பரில் வழங்கிய பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29ஆம் நாள் சென்னை மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், பன்னிரண்டு ஆல்டர்மன்கள். அவர்களுள் நம்மவரும் இடம்பெற்றனர். நல்ல தொடக்கம்தான். ஆனால் நோக்கம் என்ன? ஊர்ச் செலவுக்கு வரி விதிக்கக் கம்பெனி விரும்பியது. ஊர்ப் பெரியவர்களின் வாயாலேயே வரியைக் கேட்டால் மக்கள் முணுமுணுக்காமல் கொடுப்பர் என்று எண்ணியது. அந்த முதல் மன்றத்தை அமைத்தது மக்களின் வாக்கன்று, கம்பெனியின் பட்டயம்.

கவர்னர் யேல் 1692இல் பதவியிழந்தார். எதனால்? குண்டு கிராமத்து உழவன் முறையிட்டானா? கப்பலேற்றப்பட்ட பிள்ளையின் தாய் வழக்காடினாளா? இல்லை. ஆட்சிக்குழுவில் பூசல், பதவியைப் பயன்படுத்திச் சொந்த வாணிபத்தைப் பெருக்கிக்கொண்டார் என்று கம்பெனிக்குச் சென்ற புகார். கம்பெனியின் பெட்டியில் கைவைத்ததுதான் குற்றமாயிற்று. குடிகளின் வாழ்வில் கைவைத்தது குற்றப்பட்டியலில் ஏறவே இல்லை. அவருக்குப் பின் கவர்னராக வந்தவர் நத்தானியேல் ஹிக்கின்சன், சென்னையின் முதல் மேயர். அவரும் அமெரிக்க மண்ணில், கனெக்டிகட்டில் பிறந்தவர், ஹார்வார்டில் படித்தவர். ஆள் மாறினார், கணக்குக் கேட்கும் இடம் மாறவில்லை. இலண்டனில் இருந்த இயக்குநர்களே கேட்டனர். அவர்கள் கேட்டது இலாபக் கணக்கு மட்டுமே.

யேல் 1699இல் பெருஞ்செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பினார். 1718இல், கனெக்டிகட்டில் நலிந்திருந்த ஒரு கல்லூரிக்காக அவரிடம் உதவி கேட்கப்பட்டது. ஒன்பது பொதி சரக்கு, 417 நூல்கள், மன்னர் ஜார்ஜின் உருவப்படம் ஒன்று. இவ்வளவே அவர் கொடுத்தது. சரக்கு விற்றுக் கிடைத்தது சுமார் 562 பவுன். கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1721இல் அவர் இறந்தார், பெயர் இறக்கவில்லை. சோழமண்டலக் கரையில் சேர்ந்த செல்வம் அட்லாண்டிக் கரையில் அறிவாலயத்தின் பெயராயிற்று. 2024 பிப்ரவரியில் அப்பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த வரலாற்றுத் தொடர்பை ஆராய்ந்து, வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. தன் பெயரையே தோண்டிப் பார்க்கும் துணிவு அது. அறிவு நிலையத்துக்கு அழகும் அதுவே.

நம் நிலை என்ன? 2025 சூலையில் செஞ்சிக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 'மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் அமைந்த பன்னிரண்டு கோட்டைகளுள் பதினொன்று மராட்டியத்தில். தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றே. பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால் எந்த மன்னன் பெயரில் பெருமை என்று போட்டியிட்டுக்கொண்டிருக்கும் நாம், அந்தக் கோட்டைக்குள்ளிருந்து விற்கப்பட்டவர்களின் பெயரில் ஒரு கல்லாவது நட்டோமா? கோட்டையைப் படிக்கும் மாணவன் தேவனாம்பட்டினத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா? அங்கே எழுந்த செயிண்ட் டேவிட் கோட்டைதான், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது ஆங்கிலேயரைக் காத்தது. முற்றுகைச் செலவுக்காக விற்ற நிலத்தில் காலூன்றியவன் 1761இல் செஞ்சியையே பிடித்தான். பணம் கொடுத்து வாங்கிய முற்றுகைக் காலமோ, 1698இல் செஞ்சி மொகலாயரிடம் விழுந்ததோடு முடிந்துவிட்டது.

இந்த வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. எவர் நியமிக்கிறாரோ அவருக்கே நியமனம் பெற்றவர் கணக்குச் சொல்வார். நியமிக்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் மக்களிடம் இல்லாத பதவி, மக்கள் கண்ணீரைக் கணக்கில் எழுதாது. யேல் நல்லவரா தீயவரா என்பது அதற்குப் பின்வரும் கேள்வி.

யேல் பிறந்த நாடு இதை உணர்ந்தது. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் கவர்னரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்; தவறினால் மக்களே வீட்டுக்கு அனுப்புகின்றனர். அந்த வாக்குரிமையைப் பெண்களும் கருப்பின மக்களும் நெடும்போர் நடத்தியே பெற்றனர். நம் அரசியல் சட்டத்தின் 155ஆம் பிரிவுப்படி மாநில ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 156ஆம் பிரிவுப்படி, அவர் விரும்பும் வரையில் ஆளுநர் பதவியில் இருப்பார். ஆட்சி அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவையிடம் இருக்கிறது என்பது பெரிய வேறுபாடு. கம்பெனி கவர்னரும் இன்றைய ஆளுநரும் ஒன்றல்லர். ஆயினும் நியமனத்தின் திசை மேலிருந்து கீழாகவே இருக்கிறது. அதனால்தான் தமிழ்நாடு அரசு 1969இல் அமைத்த இராசமன்னார் குழு, மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்று 1971இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.

இளைஞர்களே! செஞ்சிக்குச் செல்லுங்கள். இராசகிரியின் உச்சியில் ஏறி நில்லுங்கள். கீழே தெரியும் வயல்களைப் பாருங்கள். மன்னன் நின்ற இடத்தில் நின்று மன்னனைப்போல் பார்க்காதீர்கள். வயலில் நிற்பவனின் பக்கமிருந்து கோட்டையைப் பாருங்கள். பிறகு கடலூர்க்கரைக்கும் செல்லுங்கள். அங்கே உப்பலவாடிப் பெயரின் முன்னே ஒட்டிக்கொண்டிருக்கும் 'குண்டு' என்ற சொல்லுக்குப் பொருள் என்னவென்று, அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஊரைக் கேட்காமல் ஊரை விற்கும் காலம் ஒன்று இருந்தது என்பதை அறிந்த பிள்ளைதான், நாளை தன் வாக்கின் விலையை அறியும்.