நீரின் போக்கு: கணினித் திரையில் நீர்வண்ணம் வந்த கதை

நீர்வண்ண ஓவியம் ஒன்றைக் கூர்ந்து நோக்கினால், ஓவியன் எண்ணி வரைந்தவற்றைக் காட்டிலும் அவன் அனுமதியின்றி நிகழ்ந்துவிட்டவையே நம் கண்ணை முதலில் இழுக்கின்றன. பூச்சின் ஓரத்தில் தானே படிந்த கருவிளிம்பு. பாதி காய்ந்த இடத்தில் நீர் புகுந்து கிளைகிளையாய் விரிந்த கறை. காகிதத்தின் நுண்பள்ளங்களில் தங்கிப்போன நிறக்குருணை. இந்தத் தற்செயல்களைக் கணினிக்குள் கொண்டுவர முயன்றவர்களின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தபோது, வண்ணத்தைப் பற்றி நிறைய அறிந்துகொள்வோம் என்று எண்ணியிருந்தோம். அறிந்துகொண்டதெல்லாம் பெரும்பாலும் நீரைப் பற்றித்தான்.

1991இல் மார்க் ஜிம்மரும் டாம் ஹெட்ஜஸும் உருவாக்கிய பெயிண்டர் என்னும் மென்பொருள் விற்பனைக்கு வந்தது. அதைப் பெயிண்ட் டப்பா ஒன்றில் அடைத்தே விற்றார்கள் என்பது ஒரு வேடிக்கை. காகிதத்தின் சொரசொரப்பில் கரியும் தூரிகையும் உரசிச் செல்லும் தடத்தை அது அழகாகவே நடித்துக் காட்டியது. நடிப்பு என்ற சொல்லைக் குறைவாக மதித்துச் சொல்லவில்லை. ஓவியனுக்கு வேண்டியது அதுவாகவும் இருக்கலாம். ஆனால் அதே 1991இல் டேவிட் ஸ்மால் வேறொரு வழியை முயன்றார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தைச் சேர்ந்த அவர், காகிதத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நீர், எவ்வளவு நிறமி, காகித நார் எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்கிட வைத்தார். அந்தக் கணக்கு ஓடியது கனெக்‌ஷன் மெஷின் என்னும் இயந்திரத்தில். அதன் பெரிய வடிவத்தில் 65,536 செயலிகள் இருந்தன. ஒரு குழந்தை தூரிகையைத் தோய்த்து ஒரு நொடியில் செய்துவிடும் காரியத்துக்கு!

ஸ்மால் திறந்த வழியில் நெடுந்தூரம் சென்றது 1997ஆம் ஆண்டின் சிக்ராஃப் மாநாட்டில் வெளியான ஆய்வுக்கட்டுரை. காசிடி கர்ட்டிஸ், ஷான் ஆண்டர்சன், ஜோஷுவா சீம்ஸ், கர்ட் ஃப்ளைஷர், டேவிட் சேல்சின் ஆகிய ஐவர் எழுதியது. இன்றுவரை இத்துறையில் எதைப் படிக்கத் தொடங்கினாலும் இந்தக் கட்டுரைக்கே வந்து சேர்கிறோம். காகிதத்தை அவர்கள் மூன்று அடுக்குகளாகக் கண்டார்கள். மேலே, தாளின் பரப்பில் ஓடும் ஆழமற்ற நீர். அடுத்தது, நிறமி நீரிலிருந்து இறங்கித் தாளில் படிவதும் மீண்டும் கிளம்புவதுமான அடுக்கு. அடியில், நீரை உறிஞ்சி நுண்துளைகள் வழியே கடத்தும் தாளின் உடல். ஈரமான ஓரிடத்திலிருந்து நீர் அடியடுக்கின் வழியாக ஊர்ந்து, பாதி காய்ந்த பகுதியில் தலைகாட்டி, அங்கிருந்த நிறமியைத் தள்ளிக்கொண்டு போகிறதே, அந்தக் கிளைக்கறை இந்தக் கணக்கில் தானாகவே உருவாயிற்று.

கருவிளிம்புக்குக் காரணம் இன்னும் சுவையானது. காய்ந்த தாளில் இடப்பட்ட ஈரப்பூச்சின் எல்லை நகராமல் நிற்கிறது. ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட உள்ளிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது நிறமியையும் சுமந்து செல்கிறது. மேசையில் சிந்திய காப்பி காய்ந்ததும் வளையமாய் நிற்பதும் இதனால்தான். அந்தக் காப்பி வளையத்துக்கு சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் உடனிருந்தோரும் நேச்சர் இதழில் விளக்கம் எழுதியது அதே 1997, அக்டோபர் மாதம். கணினி ஓவியக்காரர்கள் இரண்டு மாதம் முந்திக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் ஆவியாதலைக் கணக்கிடவில்லை. ஒவ்வொரு படியிலும் ஓரத்து நீரைக் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். மீதியை நீரே பார்த்துக்கொண்டது.

நிறத்துக்கு அவர்கள் 1931ஆம் ஆண்டுக்குப் போனார்கள். பால் குபெல்காவும் ஃபிரான்ஸ் முங்கும் சுவர்ப்பூச்சு, சாயப்பூச்சு போன்றவற்றின் ஒளியியலுக்காக எழுதிய சமன்பாடு அது. ஒரு பூச்சு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்னும் இரண்டே அளவுகள். திரையின் மஞ்சளையும் நீலத்தையும் சராசரி கண்டால் சாம்பல்தான் கிடைக்கும். இந்தச் சமன்பாட்டின்படி மஞ்சள் பூச்சின்மேல் நீலத்தை இட்டால் பச்சை பிறக்கும். அளவுகளைப் பெற அவர்கள் கண்ட வழியும் எளிமையானது: இந்த நிறம் வெள்ளையின்மேல் எப்படித் தெரியவேண்டும், கறுப்பின்மேல் எப்படித் தெரியவேண்டும் என்று ஓவியனையே கேட்டார்கள்.

விலை, நேரம். 640க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு படத்துக்குப் பல மணி நேரம் பிடித்தது. 2005இல் ஹாங்காங்கின் நெல்சன் சூவும் சியூ-லான் தாயும், சீன மை உறிஞ்சுதாளில் பரவுவதை வரைகலைச் செயலியைக் கொண்டு வரையும்போதே நிகழச் செய்தார்கள். 2013இல் அடோபியின் ஆய்வாளர்கள் நீரையே கைவிட்டனர். தூரிகைத் தடத்தைப் பலகோண வடிவங்களாக்கி, அவற்றின் முனைகளைத் தாறுமாறாக நகரவிட்டார்கள். கைக்கணினியிலும் ஓடியது, பார்வைக்கும் குறையில்லை. 2015இல் வந்த ரெபெல் மென்பொருளில் தாளைச் சாய்த்து நீரை வழியவிடலாம், ஊதி நகர்த்தலாம், வேண்டும்போது ஒரே சொடுக்கில் காயவைக்கலாம்.

அந்தச் சொடுக்கில்தான் நம் மனம் தயங்குகிறது. ஒரு பூச்சு காய்ந்த பின்பே அடுத்த பூச்சு என்பது நீர்வண்ணக்காரனின் நாளை வகுத்துவைத்த சட்டம். அவசரப்பட்டவனுக்குச் சேறு, காத்திருந்தவனுக்கு ஒளி ஊடுருவும் அடுக்குகள். செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளையோ அந்தத் தாளில் இல்லை. இன்றைய மென்பொருள்கள் விபத்தின் தோற்றத்தைத் தருகின்றன. அது பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு வேறொரு விபத்தைக் கேட்டுப் பெறலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆயினும் இந்த வரிசையில் ஓவியனின் அறைக்கு மிக நெருங்கி வந்தது எது என்று கேட்டால், 1997இன் அந்த மந்தமான நிரலையே சுட்டுவோம். பூச்சை இட்டுவிட்டு எழுந்துபோய், பொழுது சாய்ந்தபின் திரும்பிவந்து, நீர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அதை எழுதியவர்களும் பார்க்கவேண்டியிருந்தது.