தமிழ் வலைப்பதிவு மதிப்பீடு

தனிமனிதர்கள் நடத்தும் வலைப்பதிவுகளின் எழுத்து, வடிவமைப்பு, வாசகரை ஈர்க்கும் தன்மை ஆகியவற்றை எடைபோடும் முயற்சி. உலக அளவில் 'பிளாக்கீஸ்' விருதுகள் 2001-இல் தொடங்கின. தமிழில் இதற்குக் களம் அமைத்தது, காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டி.

புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் திரட்டிய தமிழ்மணம், வாரம் ஒருவரை 'நட்சத்திரம்' ஆக்கி முகப்பில் நிறுத்தியது. இடுகையோடு இணைந்த கருவிப்பட்டையில் வாசகர் ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்க முடிந்தது. 2008-ஆம் ஆண்டு இடுகைகளுக்குத் துறைவாரியாக விருதுகளும் வழங்கப்பட்டன.

பதிவுகளின் விரிவான அறிமுகத்துக்குப் பெயர்பெற்றது 'வலைச்சரம்' என்னும் வலைப்பதிவு. அதில் வாரம் ஒரு பதிவர் ஆசிரியர் பொறுப்பேற்றார். தமக்குப் பிடித்த பதிவுகளுக்குச் சுட்டி கொடுத்து, அவை ஏன் படிக்கத்தக்கவை என்று எழுதினார். சமையல், கவிதை, பயணம் என எதுவும் விலக்காக இருக்கவில்லை. முகம் தெரியாத பல புதியவர்களுக்கு முதல் வாசகர் கூட்டம் இப்படித்தான் கிடைத்தது. அச்சிதழ்களில் ஆனந்த விகடனின் 'வரவேற்பறை' பகுதியும் வலைப்பூக்களை அறிமுகப்படுத்தியது.

வடிவமைப்பில் முதல் கேள்வி, எழுத்து திரையில் தெரிகிறதா என்பதே. திஸ்கி, யுனிகோடு எனக் குறியாக்கங்கள் பலவாக இருந்த தொடக்கக் காலத்தில், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் வெறும் கட்டங்களாகவோ புரியாத குறிகளாகவோ விரிந்தது. யுனிகோடு பரவிய பின்னரே நிறம், பத்தி இடைவெளி, பக்கப்பட்டையின் நெரிசல் ஆகியவை பேசுபொருளாயின.

வாக்கு எண்ணிக்கை பதிவரின் நட்பு வட்டத்தையும் சேர்த்தே காட்டும். அதனால், காரணம் சொல்லி எழுதிய அறிமுகங்களே எழுத்தின் தரத்தை அறிய நம்பகமான சான்றுகள்.