ஏட்டில் ஏறாத எண்

அமெரிக்கர் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்ப்பதோடு நில்லார். ஒவ்வொரு பந்தின் விளைவையும் ஏட்டில் குறிப்பர். களத்தில் நிற்கும் ஒன்பதின்மருக்கும் தனித்தனி எண் உண்டு. பந்தெறிவாளர் 1, முதல் தளக் காவலர் 3, இரண்டாம் தளக் காவலர் 4, இரண்டாம் மூன்றாம் தளங்களின் இடையே நிற்பவர் 6. முதல் தளத்தில் எதிரணி ஓட்டக்காரர் ஒருவர் நிற்க, மட்டையாளர் அடித்த பந்து தரையில் உருண்டு ஆறாம் எண்ணுக்குரியவரிடம் செல்கிறது என்று கொள்வோம். அவர் அதனை இரண்டாம் தளத்திற்கு எறிய, ஓடி வருபவர் வெளியேறுவார். அங்கிருந்து பந்து முதல் தளத்தை அடைய, மட்டையாளரும் வெளியேறுவார். ஓரடியில் இருவர் வீழும் இதுவே ‘டபுள் பிளே’. ஏட்டில் 6-4-3 என்று எழுதுவர். பந்தை உருள வைத்தவரின் எண்ணாகிய 1 அதில் இராது.

இவ்வழக்கத்தால் பெரிதும் இழந்தவர் டான் குவிசன்பெரி எனலாம். 1953இல் கலிபோர்னியாவில் பிறந்த இவரை எந்த அணியும் முறையான தேர்வில் எடுக்கவில்லை. 1975இல் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் அமைப்பில் சேர்ந்து, 1979இல் முதன்மை அணிக்கு வந்தார். இவர் எறிந்த பந்தில் வேகம் குறைவு. 1980ஆம் ஆண்டுப் பயிற்சிக் காலத்தில் மேலாளர் ஜிம் ஃப்ரே, பிட்ஸ்பர்க் அணியின் கென்ட் டெக்குல்வியிடம் பாடங்கேட்குமாறு இவரை அனுப்பினார். கை ஏறக்குறைய நிலத்தை உரசக் கீழிருந்து எறியும் டெக்குல்வியின் முறை இவருக்கும் கைவந்தது. அவ்வாறு எறிந்த பந்து மட்டையை நெருங்குகையில் தாழும். மட்டை பந்தின் மேற்பாதியில் படும். பந்து வானில் எழாமல் தரையில் உருளும்.

மாற்றுப் பந்தெறிவாளர் பெரும்பாலும் நெருக்கடியில் அழைக்கப்படுபவர். தளங்களில் ஏற்கெனவே பகைவர் நிற்பர். அவ்வேளையில் உருளும் பந்தொன்றே இரட்டை மருந்து. ராயல்ஸ் திடலில் 1994 வரை இருந்த செயற்கைத் தரையில் பந்து விரைந்தோடியது. அதனைப் பிடிக்க ஃப்ராங்க் வைட் போன்ற இரண்டாம் தளக் காவலர் தேவைப்பட்டார். எட்டுமுறை தங்கக் கையுறை விருது பெற்ற அவர், அத்திடலைக் கட்டிய தொழிலாளருள் ஒருவராகவும் இருந்தவர்!

வெற்றியைக் காத்து முடித்தவருக்குரிய ‘சேவ்’ என்னும் கணக்கு 1969இல் முறைப்படி ஏற்கப்பட்டது. குவிசன்பெரி அதில் ஐந்தாண்டுகள் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பெற்றார். 1983இல் அவர் பெற்ற 45 அன்றைய உச்சம். 1985இல் ராயல்ஸ் உலகத் தொடரையும் வென்றது. 1990இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 244 ‘சேவ்’கள் இருந்தன.

1996இல் புகழ்க்கூடத் தேர்வில் நூற்றுக்கு நான்கு வாக்குகூடப் பெறாததால் அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. 1998இல், தம் கவிதைத் தொகுதி வெளிவந்த ஆண்டிலேயே, மூளைப் புற்றுநோயால் மறைந்தார். அவர் காலத்தவரான புரூஸ் சட்டர் 2006இல் அக்கூடத்தில் இடம் பெற்றார். சட்டர் தகுதியுடையவரே, 300 ‘சேவ்’கள் சிறிதல்ல. ஆயினும் இருவர் கணக்கையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். சட்டர் ஏறத்தாழ 1,042 இன்னிங்ஸ் எறிந்தார், குவிசன்பெரி 1,043. ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் சட்டருக்கு 2.83, குவிசன்பெரிக்கு 2.76. மட்டையில் படாமல் சட்டர் வீழ்த்தியோர் 861 பேர். குவிசன்பெரி வீழ்த்தியோர் 379 பேர். இடையிலுள்ள 482 பேரையும் வெளியேற்றிய பெருமை, ஏட்டின்படி, களத்தில் நின்ற மற்றவர்களுக்கே உரியது.