அரைமலையில் பதிந்த ஊர்ப்பெயர்கள்

எட்டயபுரம் என்றவுடன் பாரதியார் பிறந்த ஊர் என்பதே எவர்க்கும் நினைவில் எழும். அவ்வூரை ஆண்ட ஜமீனுக்கு உட்பட்டிருந்த கழுகுமலையோ நம் சமூகத்தார்க்கு அதனினும் நெருக்கமானது. கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சங்கரன்கோவில் செல்லும் வழியில் அஃது உள்ளது. சுற்றிலும் கரிசல் நிலம். ஆற்றுப் பாசனம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் மானாவாரிப் பூமி. அச்சமவெளியின் நடுவே ஒற்றைப் பாறைக்குன்று எழுந்து நிற்கிறது.

கல்வெட்டுகள் இக்குன்றை அரைமலை என்றும் ஊரைத் திருநெச்சுரம் என்றும் குறிக்கின்றன. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில், இங்கே தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டன. பார்சுவநாதரும் பாகுபலியும் சிங்கத்தோடு நிற்கும் அம்பிகா இயக்கியும் தனித்தனியே பெரிய அளவில் அமைந்துள்ளனர். கலையழகு பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாம் இங்கே நோக்க வேண்டியது, திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் உள்ள சிறு வரிகளை.

ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். பெரும்பாலானவை ஓரிரு வரிகளே. திருமேனியைச் செய்வித்தவர் பெயர், அவருடைய ஊர், அவருடைய ஆசிரியர் பெயர், அவ்வளவுதான். மன்னர் புகழ்பாடும் மெய்க்கீர்த்திகளைக் காட்டிலும் இவ்வரிகளே எமக்கு அரியனவாகத் தோன்றுகின்றன. மக்கள்தொகைக் கணக்கு என்ற ஒன்று இல்லாத காலத்தில், சாதாரண மக்கள் தம் பெயரையும் ஊரையும் தாமே பதிந்துவைத்த ஏடு இது.

இந்த ஏட்டைப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படும். பெயர் பொறித்தோர் பலர் திருநெச்சுரத்தார் அல்லர். அண்டை ஊர்களிலிருந்து வந்தோர் உளர். நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, இன்றைய நாகர்கோவிலை ஒட்டிய கோட்டாற்றினர் உளர். சிதறால் மலையாகிய திருச்சாரணத்தைச் சேர்ந்த குரத்தியர் உளர். குரத்தியர் என்போர் பெண் துறவியர். மாணாக்கர்க்கு ஆசிரியராய் விளங்கியவர்கள். வடக்கே 300 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருநறுங்கொண்டையின் பெயரும் இப்பாறையில் உண்டு. அப்பாண்டைநாதரை வழிபட இன்றும் நாம் செல்லும் அதே திருநறுங்கொண்டைதான்!

ஆகவே, ‘கழுகுமலையில் எத்தனை சமணர் வாழ்ந்தனர்?’ என்று வினவுவது பொருந்தாது. வானம் பார்த்த இந்நிலம் பெருங்கூட்டத்தை ஓரிடத்தில் நிலையாகத் தாங்கியிருக்கும் என்று கொள்வதற்கில்லை. சித்தாந்தம் உரைக்கும் துறவியரின் உணவுக்கென விடப்பட்ட அறக்கொடையும் கல்வெட்டில் காணப்படுகிறது. குன்றில் தங்கியோர் சிலர். அவர்களைத் தாங்கிய இல்லறத்தாரோ பற்பல ஊர்களில் பரவியிருந்தனர். பள்ளியின் மக்கள்தொகை அவ்வூர்கள் அனைத்தின் தொகையே.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர் என்கிறது. வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் இதில் அடங்குவர். தமிழ்ச் சமணரின் பழங்குடியிருப்புகள் வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில்தாம் பெரிதும் உள்ளன. கரிசல் நாட்டில் அவை தொடரவில்லை. கழுகுமலைக்குச் செல்வோர் திருமேனிகளை வணங்கியபின், கீழுள்ள எழுத்துகளையும் சற்று நின்று பார்க்க வேண்டுகிறோம். சில வரிகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து வருகின்றன. கைவைத்துத் தடவாமல் பார்த்தல் நலம்.