நூலின் பயன்: கைவினை, வரலாறு, சிறார் நூல்களை மதிப்பிடும் முறை
(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் சான்றுகளைக் கொண்டு ஓர் ஆய்வு)

1. முகவுரை

1.1 ஆய்வுப் பொருள்
கைவினை, வரலாறு, சிறார் இலக்கியம் ஆகிய மூன்று துறைகளின் நூல்களும் நூலகத்தில் வெவ்வேறு அடுக்குகளில் இருப்பவை. இவற்றுள் எந்த நூல் படிக்கத் தகுந்தது என்பதை மூன்றுக்கும் பொதுவான ஒரு முறையால் அறிய முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா. முடியும் என்பது என் துணிபு. ஒரு நூல் தனக்குப் புறத்தே உள்ள ஒன்றுக்குப் பொறுப்புடையதாக இருக்கும்போது படிக்கத் தகுந்ததாகிறது. கைவினை நூல் செய்பவரின் கைக்கும், வரலாற்று நூல் சான்றுக்கும், சிறார் நூல் குழந்தைக்கும் பொறுப்புடையவை.

1.2 அளவுகோல்
இதற்கான அளவுகோலைப் பவணந்தி முனிவரின் நன்னூலே தந்திருக்கிறது. நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் அது வரிசைப்படுத்துகிறது. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் கேட்போர், பயன் என்ற இரண்டும் இடம்பெறுகின்றன. யாருக்காக, எதற்காக என்று சொல்லாத நூல் முழுமையடையாது என்பது பழைய ஆசிரியர்களின் தெளிவு. ஒவ்வொரு துறைக்கும் இங்கே ஒரு குற்றமும் ஓர் அழகும் உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன.

1.3 எல்லை
விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஆய்வுக் களம். நெருங்கியிருக்கும் இவ்விரு ஊர்களிலும் மூன்று துறைக்கும் வலுவான சான்றுகள் கிடைக்கின்றன.

2. கைவினை நூல்

2.1 அழகு: முறையின் வைப்பு
ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது. மரவள்ளி இலை உடலாகிறது, மாதுளம்பூ அலகாகிறது, காக்காப்பொன் கண்ணாகிறது. வாழைநாரும் மூங்கில் குச்சியும் இவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிய மாலையோடு கிளியும் செல்வது வழக்கம்.

இந்தப் பொருள்களின் பட்டியல் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். கைவினை நூலின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இலையை எந்த முதிர்ச்சியில் பறிப்பது, எந்தப் பக்கம் மடிப்பது, நாரை எவ்வளவு நனைப்பது, எந்த இடத்தில் இறுக்கினால் இலை கிழியும், எந்த வேலை முடிந்த பிறகு எதைத் தொடுவது என்பவற்றை வரிசை பிசகாமல் சொல்வதே முறையின் வைப்பு. அதைப் படித்துவிட்டு ஒருவர் இலையைக் கையில் எடுக்கத் துணிந்தால் நூல் தன் கடமையைச் செய்தது.

2.2 குற்றம்: குன்றக் கூறல்
பால்கோவா மற்றொரு சான்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் சேர்வன பாலும் சர்க்கரையும் மட்டுமே. அளவை எழுதிவைப்பது எளிது. ஆனால் பால் சுண்டும்போது குமிழி எப்படி மாறுகிறது, கரண்டி எப்போது கனக்கிறது, எந்தப் பதத்தில் இறக்கினால் பிசுபிசுப்பில்லாமல் மணல்மணலாக நிற்கும் என்பவை அடுப்படியில் நிற்பவருக்கே தெரியும். அவரிடம் கேட்காமல் எழுதிய நூல் குன்றக் கூறலில் விழுகிறது. அதன்படி செய்பவருடைய பாலும் விறகும் வீணாகின்றன.

2.3 விடுபடும் தொழில்கள்
கைவினை என்றதும் கோயிலையும் பண்டிகையையும் மட்டும் எழுதுவதும் குன்றக் கூறலே. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. நாடெங்கும் காயங்களின் மேல் சுற்றப்படும் துணியின் பின்னால் உள்ள பாவு, ஊடை, நூலின் விலை, நெசவுக்கூலி ஆகியவையும் நூலேறத் தகுந்தவை. தொழிலை எழுதும்போது அதைச் செய்பவரின் வரவு செலவையும் எழுதினால்தான் நூல் நேர்மையுடையதாகும்.

3. வரலாற்று நூல்

3.1 அழகு: உலகம் மலையாமை
உலக வழக்கோடு முரண்படாமை என்று உரையாசிரியர்கள் விளக்கும் இந்த அழகு, வரலாற்று நூலில் சான்றோடு முரண்படாமையாக வடிவெடுக்கிறது. சான்று எங்கே இருக்கிறது என்று அறிவதே முதற்படி. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் அது சேர்க்கப்பட்டது; இன்றைய மாவட்டம் 1985-இல் பிரிந்தது. ஆகவே இவ்வூரின் பழைய வருவாய்ப் பதிவுகளைத் தேடுபவர் திருநெல்வேலி என்ற பெயரின்கீழ்த் தேட வேண்டும். 1801 வரையிலான செய்திகளைத் தொகுத்துக் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றையும் இந்த அறிவோடுதான் அணுக வேண்டும். இத்தகைய வழிகாட்டுதலை வாசகருக்குத் தரும் நூல், தன்னைச் சரிபார்க்கும் திறவுகோலையும் சேர்த்தே தருகிறது.

3.2 குற்றம்: மயங்க வைத்தல்
1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் இயற்றிய ‘ஆமுக்த மால்யதா’ பெரியாழ்வார், ஆண்டாள் கதையைச் சொல்லும் காவியம். வில்லிபுத்தூரின் தெருக்களும் தோட்டங்களும் பருவங்களும் அதில் விரிவாக வருகின்றன. அரசநீதிப் பகுதியும் உண்டு. ஆழ்வார்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அரசர் பாடியது அது. ஆகவே அதன் தெருக்காட்சியை ஆழ்வார் காலத்துத் தெருவாக எடுத்துக்கொள்ளும் நூல் வாசகரை மயங்க வைக்கிறது. விஜயநகர அரசர் ஒருவர் பாண்டிநாட்டுத் தலத்தை எப்படி மனத்தில் கண்டார், நல்லாட்சி பற்றி என்ன எண்ணினார் என்பவற்றுக்கோ அது முதல்தரச் சான்று. எந்தக் காலத்தைப் பேசுகிறது, எந்தக் காலத்திலிருந்து பேசுகிறது என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுவதே வரலாற்றாசிரியரின் முதற்கடமை.

3.3 மொழிபெயர்ப்பாளரின் பங்கு
இக்காவியத்தைத் தமிழாக்கியவர் ராஜபாளையத்தின் மு.கு. ஜகந்நாத ராஜா. அம்மொழிபெயர்ப்புக்கு 1989-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. பல வீடுகளில் தெலுங்கும் வீதியில் தமிழும் புழங்கும் ஊர் ராஜபாளையம். பிராகிருதத்திலிருந்தும் தமிழுக்கு நூல்களைக் கொண்டுவந்த அறிஞர் அவர். பக்கத்து ஊரின் கதை தெலுங்குக் காவியமாகிப் பிறகு தமிழுக்கு வந்தபோது, தமிழ் வாசகர் தாமே படித்துச் சோதிக்கக்கூடிய சான்றானது. மூலத்தைத் திறந்துவைப்பவரும் வரலாற்றுக்குத் தொண்டு செய்பவரே.

4. சிறார் நூல்

4.1 அழகு: ஓசையுடைமை
குழந்தையை உற்றுநோக்கி எழுதும் மரபு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆழ்ந்த வேருடையது. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டினார், நிலவைக் காட்டினார், செங்கீரை ஆடவும் சப்பாணி கொட்டவும் தளர்நடை பயிலவும் வைத்துப் பாடினார். பின்னாளில் பிள்ளைத்தமிழ் தனிச் சிற்றிலக்கியமாக வளர இப்பாடல்கள் முன்னோடியாயின. தலை நிற்பது, தவழ்வது, கை தட்டுவது, எழுந்து தள்ளாடுவது என உடல் வளரும் வரிசையிலேயே பாட்டும் வளர்கிறது. இவை குழந்தை படிக்க எழுதியவை அல்ல, பக்திப் பனுவல்கள். ஆனாலும் சிறார் எழுத்தாளருக்கு ஒரு நெறியைக் கற்பிக்கின்றன: எந்த வயதுக் குழந்தை என்பதை முதலில் அறிந்துகொள், பிறகு அந்த வயதின் அசைவுக்கு ஏற்ற ஓசையைத் தேடு.

4.2 குற்றம்: மிகைபடக் கூறல்
கதை முடிந்த பிறகும் நீதியை விளக்கிக்கொண்டிருப்பது தமிழ்ச் சிறார் நூல்களில் அடிக்கடி காணப்படும் குறை. கதைக்குள் அறம் உயிரோடு இருந்தால் குழந்தை அதைத் தானே கண்டுகொள்ளும். இல்லையெனில் கடைசிப் பத்தி எவ்வளவு நீண்டாலும் அது வந்து சேராது. குழந்தையின் அறிவை நம்பாத எழுத்தே மிகைபடக் கூறுகிறது.

4.3 காடு தந்த கதைகள்
ராஜபாளையத்தின் கொ.மா. கோதண்டம் ‘காட்டுக்குள்ளே இசை விழா’ என்ற நூலுக்காக 2012-இல் சாகித்திய அக்காதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர் பழங்குடியினரின் வாழ்வையும் எழுதியவர் அவர். அம்மலையில் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் 1988-இல் அமைந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இவ்வூர்க் குழந்தைக்கு மேற்கே நிமிர்ந்தால் தெரிவது அந்த மலைதான். அதையே கதைக்களமாக்கும் நூல் அக்குழந்தையிடம், உன் ஊரும் எழுதத் தகுந்தது என்று சொல்கிறது. அந்த நம்பிக்கையைவிடப் பெரிய பரிசு குழந்தைக்குக் கிடையாது.

5. மூன்றும் கூடுமிடம்

இம்மூன்று பொறுப்புகளையும் ஒரே நூல் ஏற்க முடியும். ஆய்வுக் களத்துக்கு வெளியே இருந்து இதற்கு ஒரு சான்று: கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் தொன்மையைச் சிறார் புதினமாக்கியது. 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ‘ஆதன்’ என்ற பெயர் கீழடிப் பானை ஓடுகளில் தமிழிப் பொறிப்பாகவே கிடைத்தது. பானையை வனைந்தது கைவினை. அதன் ஓட்டைப் படித்தது வரலாறு. அந்தப் பெயருக்கு உரியவனைத் தோழனாக்கியது சிறார் இலக்கியம். அகழாய்வில் கிடைத்த ஒரு பெயர் கற்பனைக்கு அடித்தளமாக முடியும் என்பதை இந்நூல் காட்டுகிறது.

6. முடிவுகள்

6.1 கைவினை நூலை மதிப்பிட அதன்படி செய்து பார்க்க வேண்டும். வரலாற்று நூலை மதிப்பிட அது காட்டும் சான்றைத் தேடிப் போக வேண்டும். சிறார் நூலை மதிப்பிடக் குழந்தைக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். ஆசிரியர் புகழும் அச்சழகும் இச்சோதனைகளுக்கு ஈடாகா.

6.2 இவ்வட்டாரத்தில் செய்ய வேண்டிய பணிகள் மூன்று. கிளி கட்டுவோரும் பால்கோவா கிண்டுவோரும் தறி ஓட்டுவோரும் தம் வாயால் சொல்லும் தொழில்முறை நூல்களாக வேண்டும். மூன்று மாவட்டப் பெயர்களின்கீழ்ச் சிதறிக் கிடக்கும் ஊர்ப் பதிவுகளுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும். இவ்விரண்டையும் கொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதைகள் எழுத வேண்டும்.

6.3 பணிகளின் வரிசையும் இதுவே. கைவேலை பதிவாகாவிட்டால் வரலாற்றுக்குச் சான்று குறையும்; வரலாறு தெளியாவிட்டால் குழந்தைக்குத் தவறான கதை போய்ச் சேரும். ஆகவே முதலில் எழுதப்பட வேண்டியவை கைவினை நூல்கள். அவற்றை வேலை தெரிந்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.